மண்ணில் விழுந்த மருந்து எப்போது போகும்? நாட்களை எண்ணாமல் ஈரத்தை எண்ணிப் பார்க்கும் வழி

மருந்துக் கடையில் நின்று "இந்தக் களைமருந்து அடிச்சா அடுத்த வெள்ளாமைக்கு ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று கேட்டால், "மூணு மாசத்துல போயிரும்ணே" என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த மூன்று மாதம் என்று அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று வரும் மூன்று மாதமும் பங்குனி, சித்திரை, வைகாசி என்று வரும் மூன்று மாதமும் மண்ணுக்கு ஒன்றில்லை. திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்ற களைமருந்தை அடித்து, கதிர் ஒடித்த பிறகு கோடை முழுக்க நிலத்தைக் காயப் போட்டு, "ஆறு மாசம் ஆச்சே, இன்னுமா இருக்கும்" என்று உளுந்தை விதைத்தால், சில வருஷம் நன்றாக வரும், சில வருஷம் மூணாவது இலையிலேயே ஓரம் வெளுத்துக் கருகும். உடனே விதையைக் குறை சொல்வோம், மஞ்சள் தேமல் என்போம், துத்தநாகம் போதவில்லை என்போம். பழைய மருந்தின் ஞாபகம் கடைசியாகத்தான் வரும்.

எனவே உங்கள் நிலத்தில் அடித்த மருந்து போய்விட்டதா இல்லையா என்று நீங்களே ஓரளவுக்குக் கணக்குப் போட்டு, சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்த்து, அதைச் சீக்கிரம் போக வைப்பது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். ஆய்வகம் இல்லாமல் செய்யக்கூடியதுதான் பெரும்பகுதி.

முதலில் மருந்தின் உண்மைப் பெயர்

டப்பாவில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அது நமக்கு உதவாது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் "அட்ரசின் 50 சதம்", "குளோர்பைரிபாஸ் 20 சதம்" என்று இருக்கும், அதுதான் வேண்டும். ஒரு நோட்டில் தேதி, இந்தப் பெயர், ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை டேங்க், எந்த மூலையில் இரண்டு தடவை பட்டது என்று எழுதி வையுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். தெளிக்கிறவர் வரப்பு ஓரம் திரும்பும் இடத்திலும், மிச்ச மருந்தைக் காலி செய்யும் கடைசிப் பாத்தியிலும் அளவு இரண்டு மடங்கு ஆகிவிடும். பயிர் கருகும்போது அங்கேதான் முதலில் கருகும்.

டப்பாவில் இருக்கும் முக்கோண நிறத்தை இதற்குப் பார்க்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் உடனடியாக மனிதனுக்கு எவ்வளவு விஷம் என்பதைச் சொல்பவை. மண்ணில் எத்தனை நாள் கிடக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சிவப்பு முக்கோணம் போட்டு வந்த மோனோகுரோட்டோபாஸ் ஆளையே கொல்லும், ஆனால் மண்ணில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பாதியாகிவிடும். மனிதனுக்கு அந்த அளவு கடுமையில்லாத அட்ரசின் மாதக்கணக்கில் கிடக்கும்.

அரை ஆயுள் கணக்கு

மண்ணில் போட்ட மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். இன்னொரு அரை ஆயுள் போனால் மீதியும் காலியாகிவிடும் என்று நினைப்பது வழக்கமான தப்பு. மீதியில் பாதிதான் போகும். ஏக்கருக்கு 50 சத அட்ரசின் பொட்டலம் 500 கிராம் அடித்தீர்கள் என்றால், உள்ளே இருக்கும் உண்மையான மருந்து 250 கிராம். அதன் அரை ஆயுள் சுமார் 60 நாள். 60 நாளில் 125, 120 நாளில் 62, 180 நாளில் 31, 240 நாளில் 15 கிராம் என்று இறங்கும். ஐந்து அரை ஆயுள் போனால் 3 சதவீதம் மிஞ்சும், நடைமுறையில் அதைப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நம் பக்கம் புழங்கும் சிலவற்றுக்குத் தோராயமாகச் சொன்னால்: 2,4-டி சுமார் 10 நாள். கிளைபோசேட் ஒன்றரை மாதம் என்பார்கள், ஆனால் சில நாளிலிருந்து ஆறு மாதம் வரை மண்ணுக்கு மண் மாறும். பென்டிமெத்தலின் ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம். குளோர்பைரிபாஸ் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு மாதம், கறையானுக்கு வீட்டு அஸ்திவாரத்தில் கெட்டியாக ஊற்றினால் வருஷக்கணக்கில் நிற்கும். பருத்தி விதையில் பூசி வருகிற இமிடாகுளோபிரிட் 40 நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேலும் போகலாம். டி.டி.டி. என்றால் 2 வருஷத்திலிருந்து 15 வருஷம்.

இந்த எண்களை வைத்து நேராகக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம். ஏனென்றால் இவற்றில் பெரும்பகுதி, 20 அல்லது 25 டிகிரி சூட்டில், ஈரம் சீராக இருக்கும்படி பார்த்துக்கொண்ட மண்ணில் அளந்தவை. நம் கரிசல் அப்படியா கிடக்கிறது? மதுரை மாவட்டத்தில் வருஷத்துக்கு விழும் மழையே சுமார் 850 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். தை பிறந்ததும் மேல்மண் காய ஆரம்பிக்கும். அப்புறம் நாள் ஓடும், மருந்து அசையாது.

ஆகவே நான் சொல்லும் வழி, ஈரமான நாளை மட்டும் எண்ணுங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நாலு விரல் ஆழம் தோண்டி ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடித்து, விரலை விரித்தாலும் உடையாமல் நின்று, உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டாமல் இருந்தால் அது நல்ல ஈரம். அன்றைக்குக் காலண்டரில் ஒரு புள்ளி. பொடியாக உதிர்ந்தால் அந்த நாள் கணக்கில் இல்லை. கையில் சகதியாக ஒட்டி, விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தால் அரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தோண்ட வேண்டியதில்லை, மழைக்குப் பிறகும் தண்ணீர் பாய்ச்சிய பிறகும் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், உங்கள் மண் எத்தனை நாள் ஈரம் தாங்கும் என்பது சீக்கிரமே பிடிபட்டுவிடும். அடித்த நாளிலிருந்து புள்ளிகளைக் கூட்டுங்கள். அட்ரசினுக்கு 60 புள்ளி சேர்ந்தால்தான் ஒரு அரை ஆயுள். புரட்டாசியில் விதைத்த மானாவாரி மக்காச்சோளத்தில் தை வரைக்கும் 90 புள்ளி தேறினால் பெரிய விஷயம். அப்படியென்றால் 250 கிராமில் இன்னும் 85, 90 கிராம் காட்டில் கிடக்கிறது என்று அர்த்தம், கோடையில் அது பெரிதாகக் குறையப் போவதில்லை. இது துல்லியக் கணக்கு இல்லைதான். காலண்டர் மாதத்தை மட்டும் நம்பி விதைப்பதைவிட எவ்வளவோ மேல்.

மருந்தை யார் உடைக்கிறார்கள்

வெயில்தான் எல்லாவற்றையும் எரித்துவிடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. வெயில் உடைக்கும், ஆனால் மண்ணின் மேல் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். அதற்குக் கீழே வெளிச்சம் போகாது. வேப்பங்கொட்டைக் கரைசல் மாதிரி இலைமேல் நிற்கும் சரக்குக்கு வெயில் எமன், மண்ணுக்குள் இறங்கிவிட்ட அட்ரசினுக்கு இல்லை. தண்ணீரோடு சேர்ந்து வேதிமுறையில் தானாக உடைவது இரண்டாவது வழி, அது மண்ணின் கார அமிலத் தன்மையைப் பொறுத்தது. ஆனால் பெரும்பாலான மருந்துகளுக்குப் பெரும்பகுதி வேலையைச் செய்வது மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான். பாக்டீரியாவும் பூஞ்சையும் மருந்தைத் தின்கின்றன, அல்லது வேறு எதையோ தின்னும்போது போகிறபோக்கில் இதையும் உடைக்கின்றன. அவற்றுக்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், தீனி வேண்டும், மிதமான சூடு வேண்டும். 10 டிகிரி சூடு கூடினால் வேலை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சித்திரை மத்தியானத்தில் மூடாக்கு இல்லாத மண் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில், அதுவும் ஈரமில்லாமல், எந்த உயிரும் வேலை செய்யாது, சுருண்டு கிடக்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், நெல் வயலுக்கு டயசினான் மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டபோது, ஒவ்வொரு தடவையும் அது முன்பைவிடச் சீக்கிரம் காணாமல் போனது. சேதுநாதனும் யோஷிதாவும் அந்த வயலிலிருந்து அதைத் தின்னும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1973ல் அறிவித்தார்கள். மருந்தையே சோறாகச் சாப்பிடக் கற்றுக்கொண்ட கூட்டம் வயலில் பெருகியிருந்தது. நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். ஒரே வயலில் வருஷா வருஷம் கார்போபியூரான் குருணையைப் போட்டுவிட்டு, "முன்ன மாதிரி குருணை கேக்க மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் உண்டு. பூச்சிக்கு எதிர்ப்பு வந்திருக்கலாம், சரக்கு போலியாகவும் இருக்கலாம். ஆனால் பூச்சி சாகும் முன்பே மண் அதைத் தின்றுவிடுவதும் ஒரு காரணம். அளவைக் கூட்டினால் தீனியைக் கூட்டியது போல ஆகும், வேறு வகை மருந்துக்கோ வேறு முறைக்கோ மாறுவதுதான் வழி.

இன்னொன்று, களிமண்ணில் ஒட்டிக்கொள்வது. கிளைபோசேட், சைபர்மெத்ரின், பென்டிமெத்தலின் எல்லாம் மண் துகளில் இறுகப் பிடித்துக்கொள்ளும். நகையை அடகு வைத்த மாதிரி, கையில் இல்லை, ஆனால் போய்விடவும் இல்லை. ஒட்டியிருக்கும்வரை பயிரையும் தொடாது, நுண்ணுயிருக்கும் எட்டாது. மெதுவாக அவிழும்போதுதான் உடையும். மழையில் மண் அரித்துக்கொண்டு ஓடினால் அதோடு சேர்ந்து கண்மாய்க்குப் போய் வண்டலில் உட்காரும். மேலே பூந்தோட்டமும் பருத்தியுமாக இருக்கிற கண்மாயில் வண்டல் அடிக்க அனுமதி வாங்கினால், அந்த மண்ணைக் காய்கறிக்குப் போடும் முன் கீழே சொல்லும் சட்டிப் பரிசோதனையை ஒரு தடவை செய்து பாருங்கள், களைமருந்தாவது தெரிந்துவிடும்.

உடைந்தது என்றால் ஒழிந்தது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. டி.டி.டி. உடைந்து டி.டி.இ. ஆகிறது, அது அப்பனைவிடக் கெட்டி. எண்டோசல்பான் உடைந்து வரும் சல்பேட்டும் விஷம்தான், அதுவும் நெடுநாள் நிற்கும். குளோர்பைரிபாஸ் உடைந்து வரும் டி.சி.பி. என்ற பொருள் நுண்ணுயிர்களையே மந்தமாக்கும். அப்புறம், மேல்மண்ணில் காணவில்லை என்றால் உடைந்துபோனதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சரளைச் செம்மண்ணில் அட்ரசின் போன்றவை தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். ஒரு முழத்துக்குக் கீழே நுண்ணுயிர் ரொம்பக் குறைவு, அங்கே போனது உடையாமல் கிணற்றுத் தண்ணீரைத் தேடிப் போகும். களைமருந்து அடித்த கையோடு மடையைத் திறந்து வெள்ளமாகப் பாய்ச்சுவது அதனால்தான் ஆகாது.

கரிசலுக்கு ஒரு கணக்கு, செம்மண்ணுக்கு ஒரு கணக்கு

மண்வள அட்டையை வாங்கி உரத்துக்கு மட்டும் பார்த்துவிட்டுப் பரணில் போட்டிருப்பீர்கள். எடுத்து இரண்டு எண்ணைப் பாருங்கள். ஒன்று கார அமில நிலை, இன்னொன்று கரிமச் சத்து. கரிசலில் முதல் எண் 8க்கு மேல்தான் இருக்கும் பெரும்பாலும், செம்மண்ணில் 6.5, 7 என்று நடுவில் நிற்கும். கார மண்ணில் ஆர்கனோபாஸ்பேட் வகையும் கார்பமேட் வகையும், அதாவது குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், கார்போபியூரான் எல்லாம், சீக்கிரம் உடையும். அட்ரசின் நேர்மாறு, அமில மண்ணில் சீக்கிரம் போகும், கரிசலில் இழுக்கும். நெல்லுக்கு அடிக்கிற மெட்சல்பியூரான், குளோரிமியூரான் வகைக் களைமருந்து இன்னும் மோசம். ஏக்கருக்குச் சில கிராம்தானே என்று அலட்சியமாக நினைப்போம், ஆனால் கார மண்ணில் அது உடைய மனசே வராமல் கிடக்கும், அந்தச் சில கிராமின் மிச்சமே பயறு வகையைக் குட்டையாக்கப் போதும். கரிசல் நஞ்சையில் நெல்லுக்குப் பிறகு உளுந்து தெளிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வகையைத் தொடாமல் பிரெட்டிலாகுளோரோ பூட்டாகுளோரோ போதும் என்று நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். தண்ணீர் கட்டிய வயலில் இவை சீக்கிரம் போய்விடும்.

கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று அட்டையே சொல்லும். அதை உரக் குறைபாடு என்று மட்டும் படிக்காதீர்கள். மருந்தை உடைக்கிற ஆட்களுக்குச் சாப்பாடு இல்லை என்றும் அதற்கு அர்த்தம்.

சட்டிப் பரிசோதனை

களைமருந்து மிச்சம் இருக்கிறதா என்று அறிய இதைவிட மலிவான வழி கிடையாது. விதைக்கப் போவதற்கு ஒரு மாதம் முன்பே செய்யுங்கள். காட்டில் பத்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். இரண்டு மடங்கு மருந்து பட்ட மூலை மண்ணைத் தனியாக எடுங்கள், அதைக் கலந்தால் சோதனை கெட்டுவிடும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே படாத அதே வகை மண் வேண்டும். வரப்போரம் வேண்டாம், அங்கேதான் கிளைபோசேட் அடித்திருப்போம். கோயில் இடமோ, நெடுநாள் தரிசாகக் கிடக்கும் பக்கத்து நிலமோ பாருங்கள்.

மண்ணை வெயிலில் காய வைக்காமல் நிழலில் உதிர்த்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சட்டி அல்லது நாற்றுப் பை நிரப்பி, ஒவ்வொன்றிலும் பத்து விதை போடுங்கள். எதை விதைக்கப் போகிறீர்களோ அதே விதை. கூடவே வெள்ளரியும் போட்டால் நல்லது, அட்ரசினுக்கு அது சட்டென்று காட்டிக்கொடுக்கும். வெளிச்சத்தில் வைத்துப் பக்குவமாகத் தண்ணீர் ஊற்றிவாருங்கள்.

ஏழாம் நாள் முளைப்பு நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அட்ரசின் முளைப்பைத் தடுக்காது. விதைக்குள் இருக்கும் சேமிப்பு தீர்ந்து, செடி தானாகச் சமைக்க ஆரம்பித்த பிறகுதான் வேலையைக் காட்டும். மூன்று வாரம் பாருங்கள். அடியிலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி உள்நோக்கிக் கருகிக்கொண்டு வந்தால் அட்ரசின். செடி குட்டையாக நின்று, பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனி தடித்துக் கட்டையாக இருந்தால் பென்டிமெத்தலின். நுனிக் குருத்து வெளுத்து, செடி வளராமல் அப்படியே நின்று, பக்க வேர்கள் குட்டையாகப் பிரஷ் மாதிரி இருந்தால் மெட்சல்பியூரான் வகை. இலை கிண்ணமாகக் குவிந்து தண்டு முறுக்கினால் 2,4-டி.

சுத்தமான மண் கிடைக்கவே இல்லையா? சந்தேகப்படும் மண்ணையே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் நைசாகப் பொடித்த கரித்தூளைத் தாராளமாகக் கலந்து விதையுங்கள். கரி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரி போட்ட சட்டியில் செடி திமுதிமுவென்று வந்து, போடாததில் கருகினால் மருந்து இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் செயலூட்டப்பட்ட கரி இதற்கு இன்னும் நல்லது.

பூச்சிமருந்துக்கு இந்தச் சோதனை உதவாது. குளோர்பைரிபாஸ் கிடக்கும் மண்ணிலும் உளுந்து பச்சைப்பசேல் என்று வரும். அதற்கு ஆய்வகம்தான், செலவும் அதிகம். ஏற்றுமதிக்கோ இயற்கைச் சான்றுக்கோ போகிறவர்கள் தவிர மற்றவர்களுக்குத் தேவைப்படாது. எங்கே அனுப்புவது என்று ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலோ, அதே வளாகத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்துவிட்டு மண்ணை எடுங்கள். எடுக்கும் முறையே வேறு, பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சீக்கிரம் போக வைப்பது

சட்டியில் செடி கருகிவிட்டது, என்ன செய்யலாம்? அட்ரசின் என்றால் முதல் வேலை, பயறையும் காய்கறியையும் தள்ளிப்போட்டுத் தீவனச் சோளம் விதைப்பது. சோளமும் மக்காச்சோளமும் அட்ரசினைத் தம் உடம்புக்குள்ளேயே முறித்துவிடும், அதனால்தான் அவற்றுக்கு அந்த மருந்தையே அடிக்கிறோம். வேர் இருக்கும் இடத்தில் நுண்ணுயிரும் பல மடங்கு பெருகும். சும்மா கிடக்கும் நிலத்தைவிட, ஈரத்தோடு சோளம் நிற்கும் நிலத்தில் மருந்து சீக்கிரம் குறையும். தக்கைப்பூண்டு, சணப்பை என்று பசுந்தாள் உரத்துக்கு உடனே ஓடாதீர்கள். அவையும் பயறுக் குடும்பம்தான், அதே அட்ரசினில் அவையும் கருகும். சோளத்துக்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமயத்தில் யூரியாவைக் கொட்டக் கூடாது. அட்ரசினைத் தின்னும் பாக்டீரியா அதைத் தின்பதே பெரும்பாலும் அதில் இருக்கும் தழைச்சத்துக்காகத்தான். யூரியா சுலபமாகக் கிடைத்தால் மருந்தை ஏன் மெல்ல வேண்டும்? மக்கிய குப்பை கொடுத்தால் ஈரமும் தாங்கும், காற்றோட்டமும் வரும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது எல்லாருக்கும் தெரிந்த பரிந்துரை, எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பது வேறு. கிடைக்காதவர்களுக்கு நம் பக்கம் ஒரு நல்ல வழி இருக்கிறது, கிடை போடுவது. கீதாரிகள் ஆட்டுக்கிடையோடு வரும்போது, புலிக்குளம் மாட்டுக்கிடை வந்தால் இன்னும் விசேஷம், பேசிச் சில ராத்திரி அடைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வெறும் கிடையை வெயிலில் காயவிட்டால் பாதிப் பலன் ஆவியாகிவிடும், கிடை பெயர்ந்த உடனே ஒரு மேலுழவு ஓட்டி மண்ணோடு கலந்துவிட வேண்டும்.

உழவு ஆழமாகப் போனால் மருந்து அடியில் புதைந்து, நுண்ணுயிர் இல்லாத இடத்தில் பத்திரமாகக் கிடக்கும். அரை அடிக்குள் இரண்டு தடவை கலக்கி ஓட்டுவது போதும். கோடை உழவு நல்லதுதான், பூச்சிக் கூட்டுப்புழுவுக்கும் களைக்கும் அது வேண்டும், ஆனால் மருந்தை ஒழிக்கும் என்று நம்பி மட்டும் செய்யாதீர்கள். ஒரு உழவு மழை விழுந்த பிறகு ஓட்டும் உழவுக்குத்தான் இந்த விஷயத்தில் மதிப்பு. கிணறு இருப்பவர்கள் கோடையில் வாரம் ஒரு தடவை லேசாகத் தண்ணீர் விட்டு, சோளத்தட்டையோ கரும்புத் தோகையோ மூடாக்குப் போட்டு வைத்தால், மேலே சொன்ன காலண்டரில் சும்மா போகிற கோடை நாட்களும் புள்ளியாக மாறும்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா பற்றிக் கேட்பீர்கள். ஊற்றுங்கள், தப்பில்லை. ஆனால் காய்ந்த, குப்பை இல்லாத மண்ணில் ஊற்றினால் அதோடு போன நுண்ணுயிர் அங்கேயே பட்டினி கிடந்து சாகும். "மண்ணின் நஞ்சை முறிக்கும்" என்று பாட்டிலில் வரும் நுண்ணுயிர்ச் சரக்குக்கும் இதே கதிதான், அதற்குக் கொடுக்கும் காசில் ஒரு டிப்பர் குப்பை அடிக்கலாம் என்பது என் எண்ணம். அவசரத்துக்கு ஒரு பாத்தியை மட்டும் காப்பாற்ற வேண்டும், தக்காளி நாற்று நட்டே ஆக வேண்டும் என்றால், நடும் குழியில் கரித்தூளும் மக்கும் கலந்து போடலாம். அது மருந்தை உடைக்காது, கட்டிப்போடும். பயிர் தப்பிக்கும், மருந்து இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாகவே மண்ணில் இருக்கும்.

மல்லிகைத் தோட்டக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டி, செக்கானூரணி, திருப்பரங்குன்றம் பக்கம் மொட்டுப்புழுவுக்காக அடித்துக்கொண்டே இருக்கும் தோட்டத்தில், முதல் மருந்து பாதியாகும் முன் அடுத்தது விழுந்துவிடுகிறது. அப்போது மண்ணில் இருப்பது கூடிக்கொண்டே போய் ஒரு உயரத்தில் நிற்கும். மல்லிகையைப் பிடுங்கிவிட்டுக் கீரையோ மாட்டுக்குத் தீவனமோ போட நினைத்தால், ஒரு மழைக்காலம் முழுக்க ஆளும் மாடும் தின்னாத ஏதாவது ஒரு பயிரை, பசுந்தாள் உரம்தான் இங்கே சரி, இரண்டு தடவை விதைத்து மடக்கி உழுதுவிட்டு அப்புறம் போடுங்கள்.

எவ்வளவு செய்தாலும் போகாதவை

தாமிரம் உடையாது. அது தனிமம், உடைய அதில் ஒன்றும் இல்லை. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் ஊற்றும் போர்டோ கலவையும், கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்கு அடிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடும் போட்டது போட்டபடி மண்ணில் சேரும். இயற்கை வழி என்று நினைத்து அளவில்லாமல் ஊற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குப்பை நிறைய இருந்தால் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் செய்ய முடியும்.

தாத்தா காலத்து டி.டி.டி., பி.எச்.சி. பவுடர் தூவிய நிலம் என்றால் ஒரு ஆச்சரியம் உண்டு. காற்றில்லாமல் தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில் இவை புஞ்சையைவிட வேகமாக உடையும், குளோரினைக் கழற்றுகிற பாக்டீரியா அங்கேதான் இருக்கிறது. பி.எச்.சி. நன்றாகவே குறையும். டி.டி.டி. உடைந்து வருவது மறுபடியும் நெடுநாள் கிடக்கும் இன்னொரு சரக்கு. விவசாயத்துக்கு டி.டி.டி. 1989லும், பி.எச்.சி. 1997லும் நின்றுபோனவை, எண்டோசல்பானை 2011ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், பழைய டப்பா பரணில் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

டேங்க் கழுவும் இடம்

காட்டில் மருந்து கிராம் கணக்கில் பரவிக் கிடக்கிறது. கிணற்று மேட்டில், பம்பு செட்டு ஓரத்தில், வருஷக்கணக்காக மருந்து கலந்து டேங்க் கழுவும் அந்த ஒரு இடத்தில் கெட்டியாகக் கிடக்கிறது. அந்த அளவு விஷத்தில் நுண்ணுயிரே செத்துவிடும், உடைப்பதற்கு ஆள் இருக்காது. அரை ஆயுள் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. மருந்து தின்ற கிணறுகளில் பலவற்றுக்குத் தோட்டத்தைவிட இந்த ஒரு இடம்தான் காரணம்.

சுவீடனில் 1993ல் இதற்கு ஒரு குழி முறை ஆரம்பித்தார்கள், நம் பொருளிலேயே செய்யலாம். கிணறு, வாய்க்கால் இரண்டையும் விட்டுத் தள்ளி, வெள்ளம் வராத மேட்டில் இரண்டு அடி ஆழக் குழி வெட்டுங்கள். அடியில் களிமண்ணை மிதித்து இறுக்குங்கள், சரளை மண் என்றால் தார்ப்பாய் விரிப்பது நல்லது. பாதி நறுக்கிய வைக்கோல், கால் பங்கு மக்கிய தென்னை நார்க்கழிவு, கால் பங்கு தோட்டத்து மேல்மண் கலந்து நிரப்புங்கள். வைக்கோல் எதற்கு என்றால், அதை மட்க வைக்கும் வெள்ளைப் பூஞ்சைகள் கட்டையையே உடைக்கும் நொதியைச் சுரப்பவை, அந்த நொதி மருந்தையும் விட்டுவைக்காது. நார்க்கழிவை மட்க வைக்கப் போடும் சிப்பிக்காளானும் இதே ரகம்தான், காளான் பண்ணைக் கழிவுப் படுகை கிடைத்தால் அதையும் உள்ளே போடலாம். மேலே புல்லை நட்டு, லேசான ஈரத்தில் இரண்டு மாதம் ஊறவிட்டு, அதற்குப் பிறகு டேங்க் கழுவிய தண்ணீரை அதில் ஊற்றுங்கள். ஒரேயடியாகக் குடம் குடமாக ஊற்றினால் வழிந்து வெளியே போகும். மழைக்காலத்தில் மேலே ஒரு தகரம் போட்டு மூடுங்கள், கோடையில் காயவிடாதீர்கள். வைக்கோல் மட்கிக் குழி இறங்க இறங்கப் புதுக் கலவை போட்டு மட்டம் செய்ய வேண்டும். சில வருஷம் கழித்து உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்தால் காய்கறிப் பக்கம் கொண்டுபோகாமல் ஒரு ஓரமாகக் குவித்து, ஈரத்தோடு ஒரு வருஷம் மட்கவிட்டு, அப்புறம் வேலியோர மரங்களுக்குப் போட்டுக்கொள்ளலாம்.